திமிங்கில இறைச்சிச் சந்தையும் டி.என்.ஏ. வழிச் சிற்றினம் அறிதலும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டங்கள் விலங்குகளைச் சிற்றினப் பெயரால் காக்கின்றன. வணிகமோ அவ்விலங்குகளைப் பெயர் தெரியாத துண்டுகளாக்கி விற்கிறது. இவ்விடைவெளியை நிரப்பும் கருவியாகவே டி.என்.ஏ. வழிச் சிற்றினம் அறியும் முறை காட்டுயிர்த் தடயவியலுள் நுழைந்தது. 1993இல் டோக்கியோவில் தொடங்கிய திமிங்கில இறைச்சிச் சந்தை ஆய்வுகளை முதன்மைச் சான்றாகக் கொண்டு அம்முறையின் வளர்ச்சியையும் எல்லைகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது. பொய்யான வேட்டைப் பதிவேடுகளுக்கு மாற்றாக விலங்கின் உடலையே சாட்சியாக்க முயன்ற அறிவியல், இறுதியில் நம்பத்தகுந்த வேறொரு பதிவேட்டைச் சார்ந்தே முழுமை பெற்றது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: காட்டுயிர்த் தடயவியல், திமிங்கில வேட்டை, இழைமணி டி.என்.ஏ., சிற்றினம் அறிதல், மரபணுப் பதிவேடு, சைட்டிஸ் உடன்படிக்கை.

முன்னுரை

விலங்கொன்றை அதன் உருவத்தைக் கொண்டே மனிதர் பெயரிட்டு அழைக்கின்றனர். தலை, தோல், கொம்பு, பல், துடுப்பு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று எஞ்சியிருப்பினும் பயிற்சி பெற்ற கண் அதன் இனத்தைச் சொல்லிவிடும். ஆனால் எலும்பு நீக்கப்பட்டு, துண்டாக்கப்பட்டு, உப்பிடப்பட்டோ வேகவைக்கப்பட்டோ கடைக்கு வந்துவிட்ட இறைச்சியில் அத்தகைய அடையாளம் எதுவும் எஞ்சுவதில்லை. சட்டத்தின் பட்டியலில் பெயர் உண்டு. கையில் கிடைத்த பொருளில் பெயர் இல்லை. குற்றம் நிறுவப்படுவதற்கு இவ்விரண்டும் இணைக்கப்பட வேண்டும்.

இவ்விணைப்பை டி.என்.ஏ. வழங்கியது என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட செய்தி. எனினும் அது எந்த நெருக்கடியில் வழங்கப்பட்டது, எவ்வினாவுக்கு விடையாகப் பிறந்தது, எவ்வினாவுக்கு விடை தர இயலாமல் நின்றது என்பன போதிய கவனம் பெறவில்லை. இம்முறையின் வரலாற்றில் திமிங்கில இறைச்சிச் சந்தை தனியிடம் பெறுகிறது. கடலில் நிகழும் வேட்டையைக் கண்காணிப்பது அரிது. வேட்டையின் பயன் வந்து சேரும் சந்தையோ அனைவருக்கும் திறந்தது. கடலில் காண இயலாததைக் கடையில் காண முடியும் என்ற எண்ணமே இவ்வரலாற்றின் தொடக்கம்.

பொய்த்த வேட்டைப் பதிவேடுகள்

திமிங்கில வேட்டையை ஒழுங்குபடுத்தும் அனைத்துலக உடன்படிக்கை 1946இல் கையெழுத்தானது. அதன்வழி உருவான அனைத்துலகத் திமிங்கில வேட்டை ஆணையம் ஆண்டுதோறும் பிடிக்கத்தக்க எண்ணிக்கையை வரையறுத்து வந்தது. இவ்வேற்பாடு முழுவதும் உறுப்பு நாடுகள் தாமே அளித்த வேட்டைக் கணக்குகளை அடிப்படையாகக் கொண்டது. எந்நாட்டுக் கப்பல் எவ்வினத்தில் எத்தனை விலங்குகளைக் கொன்றது என்பதற்கு அந்நாட்டின் ஏடே சான்றாக இருந்தது.

அந்த ஏடுகள் பொய்த்திருந்தன என்பது 1993இல் வெளிப்பட்டது. சோவியத் ஒன்றியம் தென்கோளக் கடல்களில் பல ஆண்டுகளாக நடத்திய வேட்டையின் உண்மைக் கணக்குகளை ரஷ்ய அறிவியலாளர் அலெக்சி யாப்லகோவ் உலகுக்கு அறிவித்தார். கூனல்முதுகுத் திமிங்கிலங்களில் மட்டும் 48,000க்கும் மேற்பட்டவை கொல்லப்பட்டிருக்க, ஆணையத்திடம் தெரிவிக்கப்பட்டவை 2,710 மட்டுமே என்பது பின்னர் திரட்டப்பட்ட தரவுகளால் உறுதியாயிற்று. இவ்வேறுபாட்டைச் சிறு பிழையாகக் கருத இயலாது. திமிங்கிலங்களின் எண்ணிக்கை குறித்த அறிவியல் மதிப்பீடுகளும் வேட்டை அளவு குறித்த முடிவுகளும் அப்பொய்க் கணக்குகளின்மீதே அமைந்திருந்தன.

இதற்கிடையே ஆணையம் வணிக வேட்டைக்குத் தற்காலிகத் தடை விதிக்க 1982இல் முடிவெடுத்தது. அது 1985–86 பருவத்திலிருந்து நடைமுறைக்கு வந்தது. ஆயினும் 1946 உடன்படிக்கையின் எட்டாம் பிரிவு, அறிவியல் ஆய்வுக்காகத் திமிங்கிலங்களைக் கொல்ல ஒரு நாடு தானே அனுமதி வழங்கிக்கொள்ள இடமளித்தது. அவ்வாறு கொல்லப்பட்ட விலங்கு இயன்றவரை பதப்படுத்திப் பயன்படுத்தப்பட வேண்டும் என்றும் அப்பிரிவு கூறியது. ஜப்பான் 1987–88 பருவத்தில் அண்டார்க்டிக் கடலில் இப்பிரிவின்கீழ் மிங்கித் திமிங்கிலங்களை வேட்டையாடத் தொடங்கியது. ஆய்வு முடிந்த இறைச்சி சட்டப்படியே கடைக்கு வந்தது.

இதன் விளைவாக ஜப்பானியச் சந்தையில் விசித்திரமான நிலை தோன்றியது. திமிங்கில இறைச்சி விற்பது குற்றமன்று; ஒரு சில இனங்களின் இறைச்சியை விற்பதே முறைகேடாக இருக்கக்கூடும். கடையில் இருந்த துண்டுகளின்மேல் பல வேளைகளில் திமிங்கிலம் என்று பொருள்படும் 'குஜிரா' என்ற சொல் மட்டுமே எழுதப்பட்டிருந்தது. சட்டத்துக்கு உட்பட்ட சிறு வணிகம், சட்டத்துக்குப் புறம்பான பெருவணிகத்துக்குத் திரையாகிவிடுமோ என்ற ஐயம் எழுந்தது. ஐயத்தைத் தீர்க்க ஏட்டை நாட இயலாது. ஏடு நம்பிக்கை இழந்திருந்தது.

உருவமற்ற பொருளின் இனத்தை அறிந்த முந்தைய முறைகள்

உருவமற்ற பொருளின் இனத்தை அறியும் முயற்சி டி.என்.ஏ. காலத்துக்கு முற்பட்டது. 1901இல் ஜெர்மானிய மருத்துவ அறிஞர் பவுல் ஊலன்ஹூத், மனித இரத்தக் கறையையும் விலங்கு இரத்தக் கறையையும் வீழ்படிவுச் சோதனையால் வேறுபடுத்திக் காட்டினார். ஓர் இனத்தின் இரத்தப் புரதத்துக்கு எதிராக வேறொரு விலங்கின் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள், அவ்வினத்தின் இரத்தத்தோடு சேரும்போது வீழ்படிவாகும் என்பது அதன் அடிப்படை. 1904இல் ஜார்ஜ் நட்டால் இம்முறையைப் பல விலங்கினங்களுக்கு விரித்து, இரத்த வினைகளின் வலிமையைக் கொண்டு இனங்களின் உறவுநெருக்கத்தை அளக்க முயன்றார். பின்னர்ப் புரதங்களை மின்புலத்தில் பிரித்தறியும் முறைகள் இறைச்சிச் சோதனைக்குப் பயன்பட்டன.

இம்முறைகளுக்கு இரண்டு குறைகள் இருந்தன. முதலாவது, நெருங்கிய உறவுடைய இனங்களின் புரதங்கள் பெரிதும் ஒத்திருந்தமையால் அவற்றைப் பிரித்தறிவது கடினமாயிற்று. இரண்டாவது, வெப்பமும் உப்பும் காலமும் புரதத்தின் வடிவைக் குலைத்தன. சமைத்த இறைச்சி பேச மறுத்தது.

1980களில் நிலைமை மாறியது. மனித இழைமணி டி.என்.ஏ.வின் முழு வரிசை 1981இல் வெளியிடப்பட்டது. உயிரணு ஒன்றின் உட்கருவில் உள்ள டி.என்.ஏ. இரு படிகளாக மட்டும் இருக்க, இழைமணி டி.என்.ஏ. நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கான படிகளாக உள்ளது. எனவே சிதைந்த திசுவிலும் அதன் சில துண்டுகள் தப்பிப் பிழைக்கின்றன. 1984இல் அருங்காட்சியகத்தில் இருந்த குவாகா என்ற அழிந்துபோன விலங்கின் தோலிலிருந்து டி.என்.ஏ. பிரித்தெடுக்கப்பட்டமை இதனை நிறுவியது. கேரி முல்லிஸ் 1983இல் கண்டறிந்த பாலிமரேஸ் தொடர்வினை, அத்தகைய மிகச் சிறு எச்சத்தையும் கோடிக்கணக்கில் பெருக்க வழி செய்தது. 1989இல் ஆலன் வில்சனின் ஆய்வுக்குழுவினர், பல்வேறு விலங்கினங்களுக்கும் பொதுவாகப் பயன்படும் தொடக்கித் துண்டுகளை வெளியிட்டனர். எவ்விலங்கு என்று அறியாமலேயே அதன் டி.என்.ஏ.வைப் பெருக்க முடியும் என்பதே இதன் சிறப்பு. தடயவியலின் தேவையும் இதுவே: விடை தெரிவதற்கு முன்பே வினாவைத் தொடுக்கும் வாய்ப்பு.

டோக்கியோ விடுதி அறையில் ஓர் ஆய்வுக்கூடம்

இவ்வாய்ப்பைத் திமிங்கிலச் சந்தைக்குக் கொண்டு சென்றவர்கள் நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் அப்போது பணியாற்றிய ஸ்காட் பேக்கரும் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் பலும்பியும் ஆவர். இவர்கள் எதிர்கொண்ட முதல் தடையைத் தந்தது அறிவியலன்று, சட்டம். 1973இல் கையெழுத்தாகி 1975இல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் உடன்படிக்கை, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் உடற்பகுதிகள் உரிய அனுமதியின்றி எல்லை கடப்பதைத் தடை செய்கிறது. பெருந்திமிங்கிலங்கள் அதன் கடும் பாதுகாப்புப் பட்டியலில் இருந்தன. கடையில் வாங்கிய ஒரு துண்டு இறைச்சியைச் சோதனைக்காகத் தம் நாட்டு ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் சென்றால், ஆய்வாளரே உடன்படிக்கையை மீறியவராவார்.

1993இல் இதற்குக் கண்டறியப்பட்ட தீர்வு எளியது. இறைச்சியை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் செல்ல இயலாததால், ஆய்வுக்கூடம் இறைச்சியிடம் எடுத்து வரப்பட்டது. பெட்டிகளில் அடங்கும் பெருக்கி இயந்திரமும் வேதிப்பொருள்களும் டோக்கியோ விடுதி அறையொன்றில் நிறுவப்பட்டன. கடைகளில் வாங்கிய துண்டுகளிலிருந்து டி.என்.ஏ. அங்கேயே பிரிக்கப்பட்டு, இழைமணி டி.என்.ஏ.வின் ஒரு பகுதி பாலிமரேஸ் தொடர்வினையால் பெருக்கப்பட்டது. விலங்கின் மூல டி.என்.ஏ. விலக்கப்பட்டு, ஆய்வுக்கூட வினையில் உருவான படிகள் மட்டும் நாட்டைக் கடந்தன. அப்படிகள் விலங்கின் உடற்பகுதி அல்ல. எனவே உடன்படிக்கை அவற்றைத் தடுக்கவில்லை. எழுத்துக்களின் வரிசை பின்னர் ஆய்வுக்கூடத்தில் படிக்கப்பட்டு, இனம் தெரிந்த திமிங்கிலங்களின் வரிசைகளோடு ஒப்பிடப்பட்டது.

ஆய்வின் முடிவுகள் 1994 செப்டம்பரில் 'சயின்ஸ்' இதழில் வெளியாயின. துண்டுகளில் சில தென்கோள மிங்கித் திமிங்கிலத்துக்கு உரியவை. அவை அறிவியல் அனுமதியின்கீழ் நடந்த வேட்டையோடு ஒத்துப்போயின. ஆனால் துடுப்புத் திமிங்கிலமும் கூனல்முதுகுத் திமிங்கிலமும் அங்குக் காணப்பட்டன. கூனல்முதுகுத் திமிங்கிலம் 1960களிலேயே வணிக வேட்டையிலிருந்து விலக்கப்பட்ட இனம். திமிங்கிலம் என்ற பெயரில் விற்கப்பட்டவற்றுள் டால்பின் வகைகளும் இருந்தன. பெயர்ச்சீட்டு மறைத்ததை உடல் வெளிப்படுத்தியது. ஏட்டுக்கு மாற்றாக உடலே சாட்சியாகும் காலம் வந்துவிட்டது என்ற நம்பிக்கை இம்முடிவுகளால் வலுப்பெற்றது.

பெயர் அறிதலின் மூன்று எல்லைகள்

தொடர்ந்து வந்த ஆண்டுகளில் இந்நம்பிக்கை மூன்று வகையில் சோதனைக்கு உள்ளாயிற்று.

முதலாவது எல்லை, ஒப்பீட்டுத் தொகுதியைச் சார்ந்தது. டி.என்.ஏ. வரிசை தன் பெயரைத் தானே சொல்வதில்லை. பெயர் தெரிந்த வேறொரு வரிசையோடு ஒப்பிட்டே அதற்குப் பெயர் இடப்படுகிறது. அவ்வொப்பீட்டு வரிசைக்குப் பெயரிட்டவர் விலங்கின் முழு உடலைப் பார்த்த வகைப்பாட்டியலாளரே. அவர் பெயரைத் தவறவிட்டால் மரபணு ஆய்வும் தவறவிடும். 1970களின் இறுதியில் இந்தோ-பசிபிக் கடற்பகுதியில் பிடிக்கப்பட்ட எட்டுத் திமிங்கிலங்கள் பிரைடு திமிங்கிலங்களாகவே கருதப்பட்டன. 1998இல் ஜப்பானில் கிடைத்த ஓர் உடலோடு அவற்றை ஒப்பிட்ட ஜப்பானிய ஆய்வாளர்கள், அவை அதுவரை பெயரிடப்படாத தனி இனம் என்று 2003இல் அறிவித்து, அதற்கு ஒமுரா திமிங்கிலம் எனப் பெயரிட்டனர். இனத்தின் பெயரே மாறக்கூடியதாயின், பெயரைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வின் உறுதியும் அத்தொகுதியின் தரத்தைப் பொறுத்ததாகிறது. பொதுத் தரவுவங்கிகளை மட்டும் நம்பாமல், வல்லுநர்கள் உறுதி செய்த மாதிரிகளின் வரிசைகளை மட்டுமே கொண்ட தனித் தொகுதி ஒன்றை ஆக்லாந்துக் குழுவினர் உருவாக்கியமைக்கு இதுவே காரணம்.

இரண்டாவது எல்லை, இழைமணி டி.என்.ஏ. தாய்வழியாக மட்டுமே கடத்தப்படுவது. ஒசாகா நகரில் 1993இல் வாங்கப்பட்ட ஒரு துண்டின் இழைமணி டி.என்.ஏ., நீலத் திமிங்கிலத்தைச் சுட்டியது. உலகின் மிகப் பெரிய விலங்கின் இறைச்சி கடையில் விற்கப்படுவதாகக் கொள்ள இதில் இடமிருந்தது. ஆனால் உட்கரு டி.என்.ஏ.வையும் சேர்த்து ஆராய்ந்தபோது அவ்விலங்கு நீலத் திமிங்கிலத்துக்கும் துடுப்புத் திமிங்கிலத்துக்கும் பிறந்த கலப்புயிர் என்று தெரிந்தது. சிப்ரியானோவும் பலும்பியும் 1999இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட குறிப்பு, 1989இல் ஐஸ்லாந்தின் ஆய்வு வேட்டையில் பிடிபட்ட குறிப்பிட்ட ஒரு விலங்கே அது என்று நிறுவியது. தாயின் பெயரைப் பிள்ளையின் பெயராக எடுத்துக்கொள்ளும் பிழைக்கு இம்முறை இடந்தரும் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

மூன்றாவது எல்லையே இக்கட்டுரையின் நோக்கில் முதன்மையானது. சிற்றினத்தின் பெயர், பொருள் எவ்வினத்தது என்று சொல்லும். அது எப்போது, எவ்வாறு, எவ்வனுமதியின்கீழ்க் கொல்லப்பட்டது என்று சொல்லாது. துடுப்புத் திமிங்கிலத் துண்டொன்றுக்குப் பழைய இறக்குமதியின் உறைபதன இருப்பு என விளக்கம் கூற இடமிருந்தது. மிங்கித் திமிங்கிலத்தின் நிலை இதனினும் சிக்கலானது. அவ்வினத்தை அறிவியல் அனுமதியின்கீழ் வேட்டையாடவும் முடிந்தது. வலையில் தவறுதலாகச் சிக்கியதை விற்கவும் முடிந்தது. திருட்டுத்தனமாகக் கொல்லவும் முடிந்தது. மூவழியிலும் வந்த இறைச்சிக்கு இனப்பெயர் ஒன்றே. ஒரே இனம் சட்டத்துக்கு உட்பட்டும் புறம்பாகவும் விற்கப்படும் இடத்தில் இனம் அறிதல் வாயடைத்து நிற்கிறது.

இனத்திலிருந்து தனி உயிருக்கு

இம்மூன்றாம் எல்லையைக் கடக்க எடுக்கப்பட்ட வழி, வினாவையே மாற்றுவதாக இருந்தது. 'இது எவ்வினம்' என்ற வினா 'இது எந்த விலங்கு' என்று மாறியது. தனிமனிதரை அடையாளம் காண 1984இல் அலெக் ஜெஃப்ரீஸ் கண்டறிந்த மரபணுக் கைரேகை முறையின் வழிவந்த உத்திகள் இதற்குப் பயன்பட்டன.

1993இல் வணிக வேட்டையை மீண்டும் தொடங்கிய நார்வே, 1997 முதல் தன் வேட்டையில் கொல்லப்படும் ஒவ்வொரு மிங்கித் திமிங்கிலத்தின் மரபணு விவரத்தையும் பதிவேட்டில் ஏற்றத் தொடங்கியது. இப்பதிவேட்டில் உள்ள விலங்கோடு பொருந்தும் இறைச்சி சட்டத்துக்கு உட்பட்டது. பொருந்தாதது விளக்கம் வேண்டுவது. இங்குச் சான்றின் திசை தலைகீழாகிறது. தடை செய்யப்பட்ட இனம் இது என்று குற்றஞ்சாட்டுபவர் நிறுவுவதற்கு மாறாக, அனுமதிக்கப்பட்ட விலங்கு இது என்று விற்பவர் நிறுவ வேண்டியதாகிறது. எனினும் இத்தகைய பதிவேடு வேட்டையாடும் நாட்டின் பொறுப்பிலேயே இருப்பதால், பழைய வேட்டைப் பதிவேட்டைச் சூழ்ந்திருந்த வினா புதிய வடிவில் மீண்டும் எழுகிறது: ஏட்டை எழுதுபவரை யார் சரிபார்ப்பது?

எதிர்பாராத அறிவியல் பயனும் இப்பதிவேட்டால் விளைந்தது. வடகிழக்கு அட்லாண்டிக்கில் 1996இல் பிடிபட்ட ஒரு விலங்கு அண்டார்க்டிக் மிங்கி என்றும், 2007இல் பிடிபட்ட ஒன்று இரு மிங்கி இனங்களின் கலப்புயிர் என்றும் மரபணு ஆய்வுகள் காட்டின. தென்கோளத்துக்கு உரியதெனக் கருதப்பட்ட இனம் வடகடலிலும் காணப்பட்டமையால், இனத்தைக் கொண்டு பிடிபட்ட இடத்தை ஊகிப்பதிலும் எச்சரிக்கை தேவை என்பது தெளிவாயிற்று.

பதிவேட்டை வெளியார் காண இயலாத இடத்திலும் தனி உயிரை அடையாளம் காணும் முறை பயன்பட்டது என்பதற்குத் தென்கொரியச் சந்தை சான்றாகிறது. அந்நாட்டில் திமிங்கில வேட்டை குற்றம். வலையில் தவறுதலாகச் சிக்கி இறந்ததை அறிவித்து விற்கலாம். 1999 முதல் 2003 வரை பன்னிரு முறை சந்தையிலிருந்து திரட்டப்பட்ட துண்டுகளில் 289 தனித்தனி மிங்கித் திமிங்கிலங்கள் அடையாளம் காணப்பட்டன. ஒரே விலங்கின் துண்டுகள் எத்தனை முறை திரும்பக் கிடைத்தன என்பதைக் கொண்டு, சந்தைக்கு வந்த மொத்த விலங்குகளைக் கணக்கிட முடிந்தது. குளத்தில் பிடித்துக் குறியிட்டு விட்ட மீன் மறுபடி எத்தனை முறை அகப்படுகிறது என்பதைக் கொண்டு குளத்து மீன்களை மதிப்பிடும் முறையே இது. இங்குக் குறி மரபணுவிலேயே உள்ளது. பேக்கர் குழுவினர் 2007இல் வெளியிட்ட மதிப்பீடு ஏறத்தாழ 827 விலங்குகள். அதே காலத்தில் வலையில் சிக்கியதாக அரசு அறிவித்தவை 458. ஏட்டுக்கும் உடலுக்கும் இடையிலான இடைவெளி முதன்முறையாக எண்ணால் அளக்கப்பட்டது.

இதே முறை நாடு கடந்த வணிகத்தையும் காட்டியது. சியோல் உணவகம் ஒன்றில் பெறப்பட்ட துடுப்புத் திமிங்கிலத் துண்டின் மரபணு விவரம், 2007இல் ஜப்பானியச் சந்தையில் வாங்கப்பட்ட துண்டோடு பொருந்தியதாக 2010இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. ஒரே விலங்கின் இரு துண்டுகள் இரு நாடுகளில் இருப்பது, எல்லை கடந்த கடத்தலுக்கு நேரடிச் சான்றாகும்.

பொதுமுறையாக விரிதலும் இந்தியச் சூழலும்

திமிங்கிலத்தை முன்னிட்டு எழுந்த வினாக்கள் பிற விலங்குகளுக்கும் உரியவை. 2003ஆம் ஆண்டு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. கனடாவின் பால் ஹெபர்ட் குழுவினர், ஒரே ஓர் இழைமணி மரபணுப் பகுதியைக் கொண்டு விலங்கினங்களை வேறுபடுத்தும் 'டி.என்.ஏ. பட்டைக்குறி' முறையை அவ்வாண்டில் முன்மொழிந்தனர். அதே ஆண்டில் ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூற்று உயிரியல் மையத்தைச் சேர்ந்த வர்மாவும் லால்ஜி சிங்கும், மிகப் பல விலங்கினங்களைத் தடயவியல் நோக்கில் அறிய உதவும் பொதுத் தொடக்கிகளை வெளியிட்டனர்.

இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் விலங்குகளை அட்டவணைகளில் இனப்பெயரால் பகுக்கிறது. பறிமுதலான சமைத்த இறைச்சியோ பதனிட்ட தோலோ எவ்வட்டவணையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தே குற்றத்தின் கனம் அமைகிறது. வேட்டை முழுமையாகத் தடை செய்யப்பட்ட விலங்குகளைப் பொறுத்தவரை இனம் அறிதலே பெரும்பாலும் போதுமானது. அவ்வினத்தின் இறைச்சிக்குச் சட்டப்படியான சந்தை இல்லை. திமிங்கிலச் சந்தையில் இம்முறை எதிர்கொண்ட மூன்றாம் எல்லை இங்கு அத்துணை கடுமையாகத் தோன்றாமைக்கு இதுவே காரணம். ஆயினும் ஒப்பீட்டுத் தொகுதி, தாய்வழி மரபு ஆகிய முதலிரு எல்லைகளும் இங்கும் அவ்வாறே நிற்கின்றன. நெருங்கிய இனங்கள் கலந்து ஈனும் இடங்களிலும், உறுதி செய்யப்பட்ட மாதிரிகள் குறைந்த விலங்குக் குழுக்களிலும் ஆய்வறிக்கை சொல்லும் பெயரை நீதிமன்றம் எந்த அளவு ஏற்கலாம் என்பது அவ்வறிக்கையின் பின்னுள்ள தொகுதியைப் பொறுத்தது.

முடிவுரை

டி.என்.ஏ. வழிச் சிற்றினம் அறியும் முறை, ஏடுகளின்மீதான நம்பிக்கை சிதைந்த காலத்தில் காட்டுயிர்த் தடயவியலுள் வேரூன்றியது. எழுதுவோரின் விருப்பத்துக்கு வளையாத சாட்சியாக அது வரவேற்கப்பட்டது. கடையில் கிடந்த பெயரற்ற துண்டுக்கு அது பெயர் தந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அப்பெயரின் உறுதிக்கு வகைப்பாட்டியலாளர் காத்து வைத்த மாதிரிகளும், அப்பெயரிலிருந்து குற்றத்தை நிறுவுவதற்கு அனுமதி பெற்ற விலங்குகளின் பதிவேடும் தேவைப்பட்டன. ஒசாகாவில் வாங்கிய துண்டின் வரலாறு தெளிவானது, ஐஸ்லாந்தில் ஒரு விலங்கின் திசு முறையாகப் பாதுகாக்கப்பட்டிருந்தமையால்தான். தென்கொரியாவின் மதிப்பீடு பொருள் பெற்றது, அதனோடு ஒப்பிட ஓர் அரசுக் கணக்கு இருந்தமையால்தான்.

எனவே உடல் ஏட்டை நீக்கிவிடவில்லை. ஏட்டைச் சோதிக்கும் உரைகல்லாக அமைந்தது. மரபணு ஆய்வுக்கூடங்களைப் பெருக்குவதோடு நில்லாமல், உறுதி செய்த மாதிரிகளின் தொகுதிகளைப் பேணுவதும், மரபணுப் பதிவேடுகளை அவற்றை எழுதுவோர் அல்லாதாரும் சரிபார்க்க வழி செய்வதும் காட்டுயிர்த் தடயவியலின் அடிப்படைத் தேவைகளாகும் என்பது இவ்வாய்வால் பெறப்படுகிறது.